இடது பக்கம் அரை இன்ச்

செல்வம்,

பவித்ராவின் முகூர்த்த ஜாக்கெட் தைத்தாகிவிட்டதா என்று வெள்ளிக்கிழமையிலிருந்து இன்று செவ்வாய்க்குள் மூன்று முறை போன் செய்துவிட்டாய். தைக்கவில்லை. அரக்குப் பட்டு என் மேசையில் மடித்தது மடித்தபடி கிடக்கிறது, இன்னும் கத்தரியே வைக்கவில்லை. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால், "கடையில கூட்டமா இருக்கும்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். எல்லம்மாவிடம் கொடுத்து உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். கடையில் பெண்கள் ஜாக்கெட் பிட்டுக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கட்டும். நீ உட்கார்ந்து கடைசி வரை படி. கெட்ட செய்தி எது வந்தாலும் பாதி கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் நீ. அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் இதில்தான் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன் மகள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அளவு கொடுக்க வந்தாள். தரமணியில் அத்தனை பெரிய கண்ணாடிக் கட்டிடத்தில் அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், ஆனாலும் ஜாக்கெட் என்றால் அவளுக்கு ஆச்சி கைதான் வேண்டும். இதை தி.நகரில் நான் சொல்லாத ஆள் இல்லை, காய்கறிக்காரி உட்பட. "ஏட்டி, கையத் தூக்கு" என்று டேப்பை அக்குளுக்குக் கீழே சுற்றினேன். இடது மார்பின் மேல் ஓரத்தில் டேப் எதன் மீதோ ஏறி இறங்கியது. விரல் வைத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் நகரவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

"எத்தன நாளாட்டி இது?"

"ஒரு மாசம் இருக்கும் ஆச்சி. வலி ஒண்ணும் இல்ல."

"யார்ட்ட சொன்ன?"

"அப்பாட்ட சொன்னேன். பத்திரிகை குடுத்தாச்சு, இப்பப் போயி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க, கல்யாணம் முடியட்டும்னாங்க."

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, தலைவலிக்கிறது, அளவு நாளை எடுக்கிறேன் என்று அவளை அனுப்பினேன். அவள் படி இறங்கும் வரை எல்லம்மா ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இன்னா ஆயா, அம்மாக்காரிக்கும் இதே பக்கம்தானே?" என்றாள். நான் அளவு நோட்டை மூடி வைத்தேன். "அன்னிக்கி என் வாய மூட்ன. இன்னிக்கி யார் வாய மூடப் போற? சொல்லு, அதையும் தெரிஞ்சிக்கினு வூட்டுக்குப் போறேன்" என்றாள். ஒரு நூல்கண்டை எடுத்து அவள் மேல் எறிந்தேன். அவள் அதைப் பிடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் வாயை நான் எதற்காக மூடினேன் என்று உனக்குத் தெரியாது. ஏழு வருஷமாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் பவித்ராவைப் பற்றி உனக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. ஒரு தையல் மெஷினும் ஒரு டேப்பும் வைத்துக்கொண்டு உன்னை ஆளாக்கினேன். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து என் ஒற்றை அறையில் வரிசையில் நின்றார்கள். என் கைத்திறமைக்குப் பாதி வந்தார்கள், என் மூடின வாய்க்கு மீதி. பெண்ணின் அளவு நோட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவளின் சட்டம். எந்தப் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒரு மார்பு சிறுத்திருக்கும். அதை அவளிடமே சொல்லக் கூடாது. சிறுத்த பக்கம் பஞ்சு வைத்து, பருத்த பக்கம் டாட் மடிப்பை ஆழமாகப் பிடித்து, கண்ணாடி முன் நிற்கும்போது அவள் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறாள் என்று அவளையே நம்பவைக்க வேண்டும். எனக்கு அதற்குத்தான் கூலி. நாற்பது வருஷம் ஒரு வேலையைச் செய்தால் அது கையோடு நிற்பதில்லை, புத்திக்குள்ளும் ஏறிவிடுகிறது.

உன் பெண்டாட்டி கோமதியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. பவித்ரா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கோமதிக்கு அளவெடுத்தேன். பழைய அளவை விட இடது பக்கம் அரை இன்ச் கூடியிருந்தது, வலது பக்கம் அப்படியே இருந்தது. சதை போட்டால் இரண்டு பக்கமும்தானே போட வேண்டும்? எனக்குத் தோன்றியது, தோன்றியதை ஒதுக்கினேன். எல்லம்மாதான் அளவு ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "ஆயா, அண்ணியோட ஜாக்கெட்டு ஒரு பக்கம் இஸ்துக்கினு கீது பாரு, தையலே விட்டுப்போச்சு. எங்க சித்திக்கு இப்டித்தான் ஆச்சு" என்றாள். "நோட்டுல இருக்கறது நோட்டோட இருக்கணும். உன் சித்தி கதைய உன் குப்பத்தோட வச்சுக்கோ" என்றேன். அப்படித்தான் சொன்னேன், செல்வம். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க கோமதி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். இடது மார்பில் தோல் உள்பக்கம் இழுத்துக் குழி விழுந்தது, நூல் இழுத்த துணி சுருங்குவதுபோல. காம்பு உள்ளே போயிருந்தது. தோலில் ஒரு இடத்தில் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. அவள் குனிந்துகொண்டே, "அத்தை, இங்க கட்டி மாதிரி இருக்கு. வலிக்கவே இல்ல. அவங்ககிட்டச் சொல்லி டாக்டர்ட்ட காட்டவா?" என்று கேட்டாள்.

என்னிடம் கேட்டாள். இதை இரண்டு தரம் படி. உன் பெண்டாட்டி கேட்டாள்.

நான் சொன்னேன்: "பால் கட்டின கட்டிட்டி. ஆம்பளைட்ட போயி இதையெல்லாமா சொல்லுவாங்க? கல்யாண வீட்ல உன் தம்பிக்கு இதையும் சேத்து ஒரு கவலையாக்கும்?" அவள் பால் கொடுத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பால், எங்கே கட்டும்? அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மாமியார் சொல்லிவிட்டேன், அவளும் சரி அத்தை என்று விட்டாள். வெற்றிலையை விளக்கெண்ணெயில் வாட்டிக் கட்டச் சொன்னேன். குழி தெரியாமல் இடது பக்கம் பஞ்சு வைத்து உள்ளே லைனிங் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் ஜாக்கெட் யார் தைத்தது என்று கேட்டார்கள், நான் எழுந்து நின்று சொன்னேன்.

உன் கே.கே. நகர் வீட்டு ஹாலில் கோமதியின் போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டியிருக்கிறாயே, அது அந்தக் கல்யாணத்தில் எடுத்தது. தினமும் கும்பிடுகிறாய். இன்றைக்குப் போய் அதன் இடது பக்கத்தைப் பார். உன் பெண்டாட்டியைக் கொன்றது அந்தப் பஞ்சுக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு அழகாக மூடியிருக்கிறேன் பார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவளுடைய ஜாக்கெட்டை மூன்று முறை இடது பக்கம் மட்டும் பிரித்துவிட்டேன். கடைசி முறை லைனிங்கில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. காம்பிலிருந்து வடிந்த ரத்தம். அந்த லைனிங்கைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன். பிறகு தோலே வெடித்து, முந்தானையில் ரத்தத்தைப் பார்த்து நீயே அவளை ஆட்டோவில் ஏற்றி அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். டாக்டரம்மா எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டபோது கோமதி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இப்பத்தான் மேடம், ரெண்டு மாசமா" என்றாள். வராந்தாவில் வைத்து நீ கத்தினாய். "ஏன்டி சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்? எதுக்குடி மறைச்ச?" அவள் அப்போதும் என்னைத்தான் பார்த்தாள். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அவள் உன்னிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. அவள் செத்து நாலு வருஷமாக நீ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மறைச்சுட்டா, என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்கிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இனி இது எல்லம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அந்த டாக்டரம்மா ஒரு நாள் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். "வலிச்சிருந்தா நீங்க மறுநாளே கூட்டிட்டு வந்திருப்பீங்க பாட்டி. ஆரம்பத்துல இது பெரும்பாலும் வலிக்காது, அதுதான் இதுல ஆபத்து. கட்டி, தோல்ல குழி, காம்பு உள்ள போறது, ரத்தக் கசிவு, அக்குள்ல நெறி, இதுல எது புதுசா வந்தாலும் காட்டிடணும். நிறையக் கட்டி சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். ஆனா எது சாதாரணம்னு விரலால சொல்ல முடியாது, ஊசி போட்டு எடுத்துத்தான் பாக்கணும்." மார்பு மட்டுமில்லை என்றும் சொன்னாள். ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இளைப்பு, தீட்டு நின்றவளுக்கு மறுபடி படும் ரத்தம், விடாத இருமல். ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல, என்னிடம் அளவு கொடுத்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. யாரிடமும் நான் ஒன்றும் சொன்னதில்லை. எத்தனை பேருக்குப் பஞ்சு வைத்தேன் என்று எண்ணப் போகவில்லை, பயமாக இருந்தது.

அது உடம்பை என்ன செய்யும் என்று நீ பார்த்தாய், ஆனால் பாதிதான் பார்த்தாய். கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவாய். நான் டேப்போடு இருந்தேன். மார்பை எடுத்த பிறகு அந்த இடத்துக்கு ஒரு பை தைத்து, எடை சரியாக இருக்கட்டும் என்று கேழ்வரகு நிரப்பிக் கொடுத்தேன். "இதுவும் உங்க கைவேலைதானா அத்தை?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் வேண்டுமென்றுதான் சிரித்தாள், எனக்குத் தெரியும். அக்குளில் நெறிகளை எடுத்ததில் இடது கை வீங்கி, வலது கைக்குப் பத்து இன்ச் என்றால் இடது கைக்குப் பதினாலு வைத்தேன். பிறகு அது எலும்புக்குப் போனது. குக்கரை இறக்கக் குனிந்தவள் நிமிரவில்லை, முதுகெலும்பு மக்கின மரம்போல நொறுங்கியிருந்தது. அப்புறம் ஈரல். கண் மஞ்சளானது. தோளும் கழுத்தும் வற்றிக்கொண்டே போக, வயிற்றில் மட்டும் நீர் கோத்து ஏறியது. கர்ப்பிணிக்கு எடுக்கிற மாதிரி வயிற்றைச் சுற்றி அளவெடுத்து நைட்டி தைத்தேன். அது தனக்கு வேண்டியதை அவள் உடம்பிலிருந்தே தின்றது. சோறு நாம் கொடுத்தோம், வளர்ந்தது அது. கடைசியில் நுரையீரலைச் சுற்றி நீர். படுக்கவும் முடியாமல் நான்கு தலையணையில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தாள். மார்பில் புண் மறுபடி வெடித்து நாற்றம் வந்தபோது, பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்க நான் சாம்பிராணி போட்டேன். அங்கேயும் மறைத்தேன். புகையில் அவள் இருமினாள், இருந்தாலும் போட்டேன்.

போன வருஷம் பவித்ராவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, தாயார் எப்படித் தவறினார் என்று கேட்டால் ஹார்ட் அட்டாக் என்று சொல் என உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கேன்சர் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றேன். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அடையாறிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா அதைக் கேட்டு, "கஷ்டப்படாம போயிட்டாங்க, புண்ணியவதி" என்றாள். காபி டம்ளரோடு நின்ற உன் மகள் அதைக் கேட்டாள். அம்மாவின் வயிற்று நீரைக் குழாய் வைத்து எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். நான் கண்ணைக் காட்டினேன், சிரித்தாள். நீயும் நானும் சேர்ந்து அவளைப் பழக்கிவிட்டோம்.

இப்போது அவள் வந்து கட்டி இருக்கிறது என்கிறாள், நீ கல்யாணம் முடியட்டும் என்கிறாய். நான் பெற்ற பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை. மனைவி சொல்லவில்லை என்று நாலு வருஷம் அழுதாய். மகள் சொன்னாள், என்ன செய்தாய்? கோமதி அன்றைக்கு உன்னிடமே வந்து சொல்லியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தம்பி கல்யாணம் முடியட்டும் என்றிருப்பாய். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, நானே அவளை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியில் ஆட்டோவில், அவளுடைய அம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் முழுதாகச் சொன்னேன். அவள் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நான் கையைப் பிடிக்கப் போனேன், எடுத்துக்கொண்டாள். "உங்கள எனக்கு மன்னிக்கத் தெரியல ஆச்சி. ஆனா நீங்க உள்ள வாங்க, எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள். போனேன். அதே டாக்டரம்மா, தலை நரைத்திருக்கிறது. விரலால் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், ஊசியால் சதை எடுத்தாள். "இந்த வயசுல வழுக்கிட்டு ஓடற சாதாரணக் கட்டிதான் ஜாஸ்தி. இது ஓடல, அம்மாவுக்கும் சின்ன வயசுலயே வந்திருக்கு. அதனால எதையும் நான் அனுமானமா சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு ரிப்போர்ட். அது எதுவா இருந்தாலும், சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள். சீக்கிரம் என்ற வார்த்தையை அந்தக் கட்டிடத்தில் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

வெளியே வந்ததும் பவித்ராவிடம் கேட்டேன், மாப்பிள்ளை வீட்டில் சொல்லட்டுமா என்று. இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான் செய்தேன். "நீங்களே சொல்லுங்க. பொய்யும் உங்க பொய்தானே" என்றாள். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்ட் அட்டாக் இல்லை, கேன்சர், பெண்ணுக்கும் ஒரு கட்டி, ஊசி போட்டிருக்கிறோம் என்று.

"இதை நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டோம்" என்றாள்.

"அதான் சொல்லல."

"அப்ப இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"இன்னொரு பொம்பளைய என்னால மூட முடியாது. அதான்."

பையனிடம் பேசிவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள். அவளை ஒன்றும் சொல்லாதே. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கேவலமாகப் பேசியிருப்பேன். இதுவரை அங்கிருந்து போன் வரவில்லை, வராமலும் போகலாம். உனக்கு நான் செய்தது துரோகமாகத் தெரியும். தெரியட்டும். துரோகத்தைப் பற்றி என்னிடம் பேச உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா. நீ வராவிட்டாலும் ரிப்போர்ட்டை நாங்கள் கேட்போம், எல்லம்மாவும் வருகிறாள், பவித்ரா கூப்பிட்டிருக்கிறாள். அதன் பிறகுதான் பட்டில் கத்தரி வைப்பேன். மாப்பிள்ளை வந்தாலும் தைப்பேன், வராவிட்டாலும் தைப்பேன், ஆபரேஷன் என்று சொன்னாலும் அதற்குத் தக்கபடி முன்கொக்கி வைத்துத் தைப்பேன். உள்ளே பஞ்சு இருக்காது.

அதற்கு முன் ஒரு வேலை செய். ஹாலில் இருக்கிற போட்டோவைக் கழற்று. கோமதியின் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கத்தில் ஒரு சின்ன போட்டோ ஒட்டியிருக்கும். மொட்டைத் தலை, தோளில் துண்டு, கண்ணுக்குக் கீழே கருப்பு. அதைப் பெரிதாக்கி அந்த ஆணியில் மாட்டு. அவள் படங்களில் என் கை படாதது அது ஒன்றுதான்.

அம்மா